மாப்பிள்ளையும் மேப்பிள் இலையும்

1

ஊரிலிருந்து வருகிற ஏரோகிராம் கடிதங்களில் ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு வரி தவறாமல் இருக்கும். "உங்கள் பக்கம் இப்போது இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்குமே, காலண்டரில் பார்த்தோம், நீ கொடுத்து வைத்தவள்." இந்த வருடம் என் சித்தி மகள் ஒருபடி மேலே போய், நல்ல சிவப்பாக ஒரே ஒரு இலை பொறுக்கிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். ஒன்றாம்! அவள் ம் என்று சொல்லட்டும், கப்பலிலேயே ஏற்றி அனுப்புகிறேன்.

காலண்டருக்குப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து எடுக்கிறவர்கள். குனிந்து வாருகிறவர்கள் இதுவரை காலண்டர் போட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் நாங்கள் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கிய வருடம், இலை வாரப் போய் என் தம்பியின் கல்யாணப் பேச்சு என்ன பாடு பட்டது என்பதைப் படித்துவிட்டு, அப்புறமும் இலை வேண்டுமென்றால் அவள் கேட்கட்டும்.

வீட்டை நாங்கள் பார்த்தது ஜூன் மாதத்தில். விற்றுக் கொடுத்த அம்மாள் வாசலில் நின்று, "மெச்சூர் ட்ரீஸ்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். முன்பக்கம் இரண்டு மேப்பிள், பின்பக்கம் ஒரு ஓக். என் வீட்டுக்காரர் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். மரியாதை கருதி இனி 'இவர்' என்றே எழுதுகிறேன். இவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, "இந்த நிழலுக்கே தனியா விலை கொடுக்கலாம், கோமு" என்றார். ஜூன் மாதத்து மரம் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. சிரித்த முகமாகத்தான் இருக்கும். அக்டோபரில்தான் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கும்.

அக்டோபர் வந்தது. இலை விழுந்தது. நாங்கள் ரசித்தோம். இலை மேல் உட்கார்ந்து, படுத்து, வாரி இறைத்து விதவிதமாகப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினோம். தெருவில் மற்றவர்கள் எல்லாம் நீளக் கொம்பில் கை விரித்த மாதிரி பல் வைத்த ரேக் என்கிற வாரியை வைத்துக்கொண்டு வாரிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அது இந்த ஊர்க்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணம். மார்கழியில் கோலம் போடுகிற மாதிரி, விருப்பமுள்ளவர்கள் செய்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஹாரால்ட், பள்ளி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய புல்தரையைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கத் தோன்றும். ஒரு நாள் அவர் வேலி ஓரம் வந்து நின்று, புன்சிரிப்போடு இவரிடம், "யுவர் லீவ்ஸ் ஆர் விசிட்டிங் மீ" என்றார்.

இவரும் புன்சிரிப்போடு, "தேங்க்யூ, தேங்க்யூ. யூ மஸ்ட் ஆல்ஸோ விசிட் அஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். "பரவாயில்ல கோமு, பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர். வலிய வந்து பேசுறார்."

டி.வி. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மகள் பிரியா, எட்டு வயசு, தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "டாடி, ஹி இஸ் மேட் அட் யூ."

2

அதற்குப் பிறகுதான் இவர் களத்தில் இறங்கினார். இறங்குமுன் முறைப்படி நகராட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டார். முதல் கேள்வியே, "மே ஐ பர்ன் மை லீவ்ஸ்?" ஊரில் வேறென்ன செய்வோம்? கூட்டிக் குவித்து ஒரு தீக்குச்சி. அந்தப் பக்கம் பேசிய பெண்மணி மூச்சை உள்ளே இழுத்த சத்தம், அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது.

எரிக்கவே கூடாது. பையில் கட்டக் கூடாது. தெரு ஓரத்துக் கல் விளிம்பை ஒட்டிக் குவிக்க வேண்டும், ஆனால் சாக்கடை வாயை மூடக் கூடாது. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். லாரி உங்கள் தெருவுக்கு வருவது வருகிற திங்கட்கிழமை. அதைத் தவற விட்டால் அப்புறம் பனி விழுந்துவிடும். இத்தனையும் சொல்லிவிட்டு, "உங்கள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்" என்றாள். இவர் பெயர் சிவசைலநாதன். சொல்லி முடிப்பதற்குள் வாசலில் இன்னும் இரண்டு கூடை விழுந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு வாரி முடிப்பது என்று திட்டம். மேலதிகாரியிடம் போய், "ஐ நீட் லீவ்" என்றிருக்கிறார்.

"லீவ் ஃபார் வாட்?"

"ஃபார் லீவ்ஸ்."

"யூ ஆர் லீவிங் அஸ்?"

"நோ, நோ. ஐ வான்ட் லீவ் ஃபார் லீவ்ஸ்."

அன்று சாயங்காலம் இவர் மேசை மேல் யாரோ ஒரு காய்ந்த இலையை வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன மெழுகுவத்தியும் வைத்திருந்தார்களாம். இவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை காலை இவர் விரலை எச்சிலில் நனைத்துக் காற்றில் தூக்கிப் பிடித்தார். "மேல்காத்து. மேற்கே ஆரம்பிச்சா பாதி வேலையைக் காத்தே செஞ்சிரும்." நியாயமாகத்தான் பட்டது. மத்தியானம் வரைக்கும் காற்று இவர் சொன்னபடி கேட்டது. மத்தியானத்துக்கு மேல் கீழ்க்காற்று எழுந்து, இவர் வாரியதையும் ஹாரால்ட் வாரியதையும் சேர்த்து எங்கள் வாசலில் கொண்டுவந்து கொட்டியது. எங்களிடம் இல்லாத மரத்து இலையெல்லாம் எங்கள் புல்லில் கிடந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர், "நாளைக்கு எல்லாருமா இறங்கணும்" என்றார்.

நாளைக்குத்தான் பெண் வீட்டார் வருகிறார்கள்.

3

என் தம்பி சங்கரன் ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்தான். நல்ல பையன். நல்ல படிப்பு. பெண்களைக் கண்டால் மட்டும் வாயில் பூட்டு விழுந்துவிடும். ஊருக்குப் போய்ப் பார்த்த இடங்களில், ஒரு வீட்டில் பெண் மூன்று கேள்வி கேட்டதற்கும் இவன் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டான். இன்னொரு வீட்டிலிருந்து தரகர் மூலமாக, "பையனுக்குப் பேச்சு வருமா?" என்று விசாரித்தார்கள். அம்மா எனக்கு எழுதுகிற கடிதமெல்லாம் பாதிக்கு மேல் அழிந்திருக்கும். மை அழிந்ததா, அம்மா அழுததா என்று நான் கேட்டதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பிலடெல்பியா பக்கத்தில் இருக்கும் வேலாயுதம் அண்ணாச்சி குடும்பம் கோயில் ஒன்றில் அறிமுகமானது. பூர்வீகம் பாளையங்கோட்டை, இருந்தது மெட்ராஸ், வந்தது அமெரிக்கா. ஒரே மகள் மீனா. பத்து வயதில் இங்கே வந்தவள், ஆஸ்பத்திரி லேபில் வேலை. அண்ணாச்சியின் மனைவி சரஸ்வதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தமிழ் பேசுவா, கோமதி. கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசுவா. ஆனா வாயாடி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. எங்கள் வீட்டுக்கு வேண்டியது அதுதான். ஒருத்தர் பேசினால் போதும், கல்யாணம் ஓடிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையைப் பார்ப்பது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமையே சங்கரன் வந்து இறங்கினான். புது கோட்டு சூட்டு, உள்ளே போடும் வெயிஸ்ட்கோட்டு சகிதம், உறை பிரிக்காமல் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவனை உட்கார வைத்துப் பேசிப் பழக்கினேன்.

"நான்தான் மீனான்னு வச்சுக்கோ. ஹூஸ்டன் எப்படி இருக்குன்னு கேக்குறேன். என்ன சொல்லுவ?"

சங்கரன் யோசித்தான். வியர்த்தான். "வெயிலு" என்றான்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்க்கா. வெயிலு."

4

சனிக்கிழமை விடிந்ததும் நான் முதல் வேலையாகச் சொதி வைத்து இறக்கிவிட்டேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு வைப்பது. கல்யாணத்துக்கு முன்னாலேயே வைத்தால் ராசி தானாக வந்து சேரும் என்று எனக்கு ஒரு கணக்கு. நல்ல தேங்காய்க்காக நியூயார்க் வரைக்கும் போய் வந்திருந்தோம். பெரிய பாத்திரம் நிறையச் சொதி, காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு மிதக்க மிதக்க. சாயங்காலம் இடியாப்பம் பிழிந்துகொண்டால் போதும்.

அப்புறம் எல்லாரும் வாசலில் இறங்கினோம். ஹூஸ்டன் வெயிலில் இருந்த சங்கரனுக்குக் குளிர் தாங்கவில்லை. இவருடைய பழைய ஓட்டப் பயிற்சிக் காற்சட்டை அவனுக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. அதற்கு மேல் என் ஸ்வெட்டர். தலையில் ஊரிலிருந்து கொண்டுவந்த மங்கி குல்லா. நானும் இவரும் வாரிக் கொண்டுவந்து தெரு ஓரத்தில் கொட்டக் கொட்ட, அவன் குவியல் மேல் ஏறி நின்று நெல் மிதிக்கிற மாதிரி மிதித்தான்.

வீட்டுக்குள் போன் மணி அடித்தது. பிரியா எடுத்தாள். அந்தப் பேச்சு எங்களுக்கு அப்போது தெரியாது. பிறகு சரஸ்வதி அக்கா சொல்லித்தான் தெரியும். பிரியாவின் தமிழில் இலைக்கும் இல்லைக்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒரே மாதிரிதான் வந்து விழும்.

"ஹலோ, பிரியாவா? அம்மா எங்கடா?"

"அம்மா இல்ல."

"வெளிய போயிருக்காங்களா? அப்பாகிட்ட குடு."

"அப்பாவும் இல்ல."

"சரி, ஹூஸ்டன் மாமா வந்தாச்சில்ல? மாமாவைக் கூப்பிடு."

"மாமாவும் இல்ல. எவ்ரிபடி இல்ல."

"ஐயோ, நீ மட்டும் தனியாவா இருக்க?"

"யா. தே வோன்ட் லெட் மீ." தன்னை இலையில் குதிக்க விடவில்லை என்பது அவள் வருத்தம்.

"எப்ப வருவாங்க?"

"ஐ டோன்ட் நோ. டாடி செட் ஆல் டே."

பிரியா வெளியே வந்து, "ஸம் ஆன்ட்டி கால்டு. ஷி வாஸ் வியர்ட்" என்றாள். இந்த ஊரில் எல்லா ஆன்ட்டிகளும் அவளுக்கு வியர்ட், ஒரு மாதிரியானவர்கள்தான். நான் வாரியை விடாமல், "அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அங்கே சரஸ்வதி அக்கா வீட்டில் பூகம்பம். எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாகப் பூட்டிவிட்டுக் குடும்பமே எங்கேயோ போயிருக்கிறது. மாப்பிள்ளையையும் காணோம். போலீஸ்காரன் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானே. "என்ன குடும்பம்மா இது" என்று அண்ணாச்சி சொல்ல, "முதல்ல குழந்தையைப் பாருங்க, குடும்பத்தை அப்புறம் பாக்கலாம்" என்று மீனா சொல்ல, இருந்தது இருந்தபடி எல்லாரும் காரில் ஏறிவிட்டார்கள்.

5

நான் குளிக்க உள்ளே போயிருந்தேன். இவர் பின்பக்கம் ஓக் மரத்தடியில் இருந்தார். சங்கரன் மட்டும் வாசலில், குவியல் மேல்.

நீளமான ஸ்டேஷன் வேகன் ஒன்று சீறிக்கொண்டு தெருவில் வந்து நின்றது. எங்கள் கார் வழியில் ஒரு குவியல், பக்கத்தில் ஹாரால்டின் குவியல், நிறுத்த இடமில்லை. அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி, குல்லாவும் கெண்டைக்கால் சட்டையுமாக நின்றவனைப் பார்த்து ஆங்கிலத்தில், "எங்கேப்பா நிறுத்துறது?" என்று கேட்டார். கூலிக்கு இலை வாருகிற ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

சங்கரனுக்குப் பின் சீட்டில் ஒரு பெண் இருப்பது தெரிந்துவிட்டது. வாய் பூட்டிக்கொண்டது. ஆனால் கைக்குப் பூட்டு இல்லையே. ஊரில் லாரி ஷெட்டில் கையாட்டுகிற மாதிரி, குவியலிலிருந்து குதித்து இறங்கி, இரண்டு கைகளாலும் 'வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்' என்று ஆட்டினான். வண்டி முன்சக்கரம் ஏறி, பின்சக்கரமும் ஏறி, இலை மெத்தை மேல் ஜம்மென்று உட்கார்ந்தது. சங்கரன் பானெட்டில் 'போதும்' என்று ஒரு தட்டு தட்டினான்.

அண்ணாச்சி இறங்கி, பழப்பையை அவன் கையில் கொடுத்து, "ப்ளீஸ், இன்சைட்" என்றார். அவனும் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

தலைமுடியில் துண்டோடு நான் கதவைத் திறந்தேன். சரஸ்வதி அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பிரியாவைக் கட்டிப்பிடித்தார். பிரியா மூச்சுவிட முடியாமல், "மாம், ஹெல்ப்" என்றாள். எல்லாம் இலை, இல்லை விவகாரம் என்று புரிவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. எல்லார் கோட்டையும் வாங்கி அலமாரியில் மாட்டினேன். சரஸ்வதி அக்கா ஒரு வழியாகச் சிரித்து, "சரி, அதை விடு. மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டார்.

நான் கையைக் காட்டினேன். எல்லாரும் திரும்பினார்கள். குல்லாவில் ஒரு மேப்பிள் இலை சொருகிக்கொண்டு, ஆரஞ்சுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான் சங்கரன்.

அண்ணாச்சியின் முகம் போன போக்கைப் பார்த்து, இது முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மீனா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஹை" என்றாள். சங்கரன் பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு ஆரஞ்சை எடுத்து நீட்டினான்.

எல்லாரையும் உட்கார வைத்தேன். இவரும் பின்பக்கமிருந்து வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். கடிகாரம் மட்டும் பேசியது. அப்போதுதான் ஜன்னலில் நின்ற பிரியா கேட்டாள்: "ஆன்ட்டி, இஸ் யுவர் கார் சப்போஸ்டு டு ஸ்மோக்?"

"அது குளிருக்கு வர்ற ஆவிம்மா" என்றார் அண்ணாச்சி.

"இட்ஸ் ஆரஞ்ச், அங்கிள்."

மணிக்கணக்காக ஓடி வந்த வண்டியின் அடிப்பக்கம் கொல்லன் உலை மாதிரி இருக்கும் என்பதும், காய்ந்த இலை மேல் அதை நிறுத்தவே கூடாது என்பதும் இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். எங்கள் வீட்டில் இன்ஜினியர் இரண்டு பேர் இருந்தும் அது தெரியவில்லை.

எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். காருக்கு அடியிலிருந்து புகை, புகைக்குள் நாக்கு நாக்காகத் தீ. அண்ணாச்சி சட்டைப் பையைத் தட்டி, "சாவி! சாவி!" என்றார். சாவி கோட்டில், கோட்டு அலமாரியில். இவர், "ஹோஸ்!" என்று கத்தினார். குளிர்காலம் வருகிறதென்று போன வாரம்தான் இவரே தோட்டத்து ரப்பர் குழாயைச் சுருட்டி நிலவறையில் போட்டிருந்தார். பக்கத்தில் ஹாரால்ட் தன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, போனை எடுக்க உள்ளே ஓடினார்.

முதலில் அசைந்தவள் மீனா. வீட்டுக்குள் பாய்ந்து, கோட்டையே இழுத்துக்கொண்டு வந்து, காரில் ஏறிவிட்டாள். "ஏ மீனா, இறங்குடி!" என்று சரஸ்வதி அக்கா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. வண்டி ஒரு தடவை இருமியது, இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. அவள் பின்னால் எடுக்க, எரிகிற இலையை இழுத்துக்கொண்டு வண்டி குவியலை விட்டு இறங்கியது. காற்று பட்டதும் குவியல் ஆள் உயரத்துக்குக் குப்பென்று பிடித்தது. வண்டியின் முன்பக்கத்திலும் கொஞ்சம் இலை ஒட்டி எரிந்துகொண்டிருந்தது.

என்னைத் தாண்டி யாரோ ஓடினார்கள். சங்கரன். இரண்டு கையிலும் என் சொதிப் பாத்திரம்.

"ஏல, அது சொதி!" என்றேன்.

ஓங்கி ஒரே வீச்சு. பாதி குவியல் மேல் விழுந்து புஸ்ஸென்று அணைந்தது. மீதிப் பாதி காரின் முன்கண்ணாடி முழுக்கப் பரவியது. உள்ளே இருந்த மீனாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பதற்றத்தில் அவள் வைப்பரைப் போட்டாள். வைப்பர் இந்தப் பக்கம் போகும்போது காரட்டைத் தள்ளியது. அந்தப் பக்கம் போகும்போது பீன்ஸைத் தள்ளியது. ஒரு உருளைக்கிழங்குத் துண்டு மட்டும் இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. துடைத்த இடைவெளி வழியாக அவள் பார்த்தபோது, காலிப் பாத்திரத்தோடு, குல்லாவோடு, வாயைத் திறந்தபடி என் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

அவள் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

6

தீயணைப்பு வண்டி வந்தது. மிச்சத் தீக்கு அவர்கள் அடித்த தண்ணீர், நாங்கள் இரண்டு நாளாக வாரிய அத்தனை இலையையும் தெரு முழுக்க, மரத்தடி முழுக்க, ஹாரால்டின் கம்பளப் புல் முழுக்கப் பரப்பிவிட்டது. ஹாரால்ட் அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் மாதிரி இருந்த தீயணைப்புக்காரர் இவரிடம் பெயர் கேட்டார். இவர் சொன்னார். அவர் முகம் மாறியது. நகராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்து எரிக்கலாமா என்று கேட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பது அந்தச் சின்ன ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பெயர் நீளம் என்பதால் எல்லாருக்கும் நினைவும் இருந்தது.

"ஸோ, எரித்துத்தான் பார்த்திருக்கிறீர்கள்" என்றார்.

"நோ, நோ, ஐ ஒன்லி ஆஸ்க்டு" என்று இவர் ஆரம்பித்தார். பதற்றத்தில் இவர் ஆங்கிலம் திருநெல்வேலி வரைக்கும் போய்விட்டது. மீனாதான் நடுவில் வந்து, அமெரிக்காவிலேயே பிறந்தவள் போல மளமளவென்று, கார் சூடு, காய்ந்த இலை, யாரும் கொளுத்தவில்லை என்று விளக்கினாள்.

"சரி. இலை மேல் நிறுத்தச் சொன்னது யார்?"

அண்ணாச்சிக்குத் தெரியும், ஆனால் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஐ டிட்." சங்கரன் குல்லாவைக் கழற்றினான். "இட் வாஸ் மீ. ஷி இஸ் நாட் ரெஸ்பான்சிபிள். நோபடி எல்ஸ். ஐ வேவ்டு தெம் இன். ஐ ஆம் வெரி ஸாரி."

ஒரு பெண் பக்கத்தில் நிற்கும்போது அவன் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. மீனாவும் திரும்பி அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

தீயணைப்புக்காரர் குனிந்து இலையை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "எதைக் கொட்டி அணைத்தீர்கள்?"

"சொதி" என்றான் சங்கரன்.

"சோடா? பேக்கிங் சோடா? குட் திங்கிங், ஸன்" என்று அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டி ஏறினார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

வேகனின் அடியில் ஏதேதோ ஒயர் கருகிவிட்டது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவான். ஆக, மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டிலேயே இரண்டு நாள் தங்கும்படி ஆனது. அண்ணாச்சிக்கு இவருடைய லுங்கி. சரஸ்வதி அக்காவுக்கு என் சேலை. இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய். உறை பிரிக்காத சூட்டைச் சங்கரன் கடைசி வரை பிரிக்கவே இல்லை. அண்ணாச்சி சாப்பிடும்போது கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கார் இன்ஷூரன்ஸைப் பற்றித்தான் பேசினார். அம்மாவுக்கு என்ன எழுதுவது என்று நான் மனசுக்குள் வாசகம் தேடிக்கொண்டிருந்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மறுபடியும் வாரினோம். நனைந்த இலை காய்ந்த இலையைவிட நாலு மடங்கு கனம். அதில் சொதியும் சேர்ந்துகொண்டதால், அந்தத் தெருவில் உள்ள நாயெல்லாம் எங்கள் வாசலில் கூடியது. ஹாரால்டும் தன் பக்கத்திலிருந்து வாரிக்கொண்டு வந்தார். இவர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டதற்கு, "நீங்கள் வந்து சேர்ந்ததிலிருந்து எனக்குப் பொழுது போகிறது" என்றார். பிரியாவிடம் அர்த்தம் கேட்டோம். இந்தத் தடவை நிஜமாகவே நல்ல வார்த்தைதானாம்.

மத்தியானம் நானும் சரஸ்வதி அக்காவும் சமையலுக்கு உள்ளே வந்தோம். அடுப்படி ஜன்னலுக்கு நேரே மேப்பிள் மரம். அதன் அடியில் சங்கரனும் மீனாவும் வாரிக்கொண்டிருந்தார்கள். நான் துவையல் அரைத்த மிக்ஸியைக் கழுவினேன். அக்கா அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பேசுறாங்களா, கோமதி?"

"பேசுறாங்கக்கா."

"யாரு, மீனாவா?"

"இல்லக்கா." என்னாலேயே நம்ப முடியவில்லை. "சங்கரன்."

அவன் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வாரிக் கொம்பில் தாடையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் அவள் ஒரு கை இலையை அள்ளி அவன் தலையில் போட்டாள். அவன் ஒரு நிமிஷம் திகைத்து நின்றான். பிறகு இரண்டு கை கொண்ட மட்டும் வாரி அவள் தலையில் கொட்டினான். சொட்டச் சொட்ட, சொதி இலை.

"ஐயையோ" என்றார் சரஸ்வதி அக்கா. "போச்சு."

எனக்கும் போச்சு என்றுதான் பட்டது. மீனா தலையை உதறிக்கொண்டு வீட்டைப் பார்த்து வந்தாள். அடுப்படிக் கதவு திறந்தது.

நேற்றிலிருந்து அவள் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இங்கே வளர்ந்த நாக்கு அந்த 'ட்'டைப் பாதி விழுங்கிவிடும். இப்போது அவள் கதவில் நின்று சொன்னது அதுவா, இல்லை வேறா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"…ன்னி, இன்னொரு ரேக் இருக்கா? சங்கர் பல்லை உடைச்சிட்டாரு."

"ஐயோ, யார் பல்லை?" என்றேன்.

"ரேக் பல்லை."

சரஸ்வதி அக்கா மிக்ஸியைக் கீழே வைத்தார். "மீனா, இரு. இவங்களை இப்ப என்னன்னு கூப்பிட்ட?"

"ரேக் இருக்கான்னு கேட்டேன், அம்மா."

"ரேக் கிடக்கட்டும்டி. அதுக்கு முன்னாடி. ஆன்ட்டின்னியா? அண்ணின்னியா?"

திருநெல்வேலியில் மதினி என்போம். மெட்ராஸில் இருந்த அவர்கள் வீட்டில் கட்டிக்கொள்பவனின் அக்காவுக்கு அண்ணி என்றுதான் பேர். மீனாவின் முகம் மேப்பிள் மரத்தைவிடச் சிவந்தது. ஜன்னல் வழியாக வெளியே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அங்கே என் தம்பி உடைந்த வாரியோடு, இலை அள்ளுவது மாதிரி பாவனை செய்துகொண்டு, காதை இந்தப் பக்கம் வைத்திருந்தான்.

"அ…ண்ணி" என்றாள் மெதுவாக. "சரியா சொல்றேனா? சங்கர்தான் சொல்லிக் குடுத்தாரு. அந்த 'ண்' வர்றதுக்கே இவ்வளவு நேரம் ஆச்சு."

சரஸ்வதி அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த துணியை எடுத்து ஒற்றிக்கொண்டார். மிளகாய்த் துவையல் அரைத்த மிக்ஸியைத் துடைத்த துணி அது. அடுத்த நொடி அவர் போட்ட கூச்சலில், மறுபடியும் தீதான் பிடித்துக்கொண்டது என்று வாசலிலிருந்து இவரும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் அண்ணாச்சி வீசியும் விட்டார்.

மகளுக்கு மாப்பிள்ளை பிடித்துவிட்டது என்கிற நல்ல செய்தியை, தலையிலிருந்து கால் வரை நனைந்து நின்றுதான் அவரிடம் நான் சொன்னேன்.